பாயிண்ட் மாற்றும் நாள்

மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில், பானெட் திறந்து நிற்கும் பழைய காரின் இஞ்சின் மேல் சின்ன வட்டமாக விழுந்திருக்கிறது. போன வாரம் கணவனும் மனைவியுமாக ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் இரண்டு முறை நின்றுவிட்டது. முப்பது வருடங்களாக அதற்குப் பொறி கொடுக்கும் பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்துவந்தவர் கணவர்தான். இப்போது அவருடைய வலது கை ஓயாமல் நடுங்குகிறது. மெக்கானிக் பாயிண்டுக்குப் பதிலாக மாட்டும் இரண்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் செட்டுகளைப் பிரித்து வைக்கிறார். "இது சூடு ஏறினா சில நேரம் காலை வாரிடும். இந்த ரெண்டாவது செட்டு, பாயிண்ட் இருக்கற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே அடங்கிடும், சார். மாட்டிட்டா அப்புறம் நீங்க கையே வைக்க வேண்டாம்." சொன்ன பிறகுதான் மெக்கானிக்குக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மனைவி கணவர் பக்கம் திரும்புகிறாள். "நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்." அவர் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி இரண்டாவது செட்டையே வெகுநேரம் பார்க்கிறார். "அதையே போடுங்க. இவ தனியா ஓட்டிட்டுப் போறப்ப நடுவழியில நிக்கக் கூடாது." "எதுக்குத் தனியா?" என்கிறாள் அவள், கொஞ்சம் உரக்கவே. "நீங்க பக்கத்துல உக்காந்திருப்பீங்கல்ல?" மெக்கானிக் குனிந்து, தன் கையிலேயே இருக்கும் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் தேடுகிறார்.