சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

"சிங்கப்பூர் என்ன பக்கத்துலயா இருக்கு? பதினாறு மணி நேரம். ரெண்டு ஃப்ளைட் மாறி, பிள்ளை துவண்டுபோய் வந்து இறங்கினா."

தங்கபுஷ்பம் சொன்னதைக் கேட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சண்முகசுந்தரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அவ்ளோ தூரமாக்கா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார் கீழ்வீட்டு அமீனா பீ.

சண்முகசுந்தரம் மாம்பலத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். இரண்டு நிமிஷ லேட்டை யாராவது ஒரு நிமிஷம் என்று சொன்னால்கூட அவருக்குச் சோறு இறங்காது. மகள் ஷண்முகப்ரியா நேற்று வந்தது நேர் ஃப்ளைட். நாலு மணி ஐந்து நிமிஷம். துவண்டுபோய் வந்தவள்தான் காலையிலேயே பாண்டி பஜாருக்குக் கிளம்பியிருந்தாள்.

அமீனா பீ போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டார். எதற்கு இந்த அளப்பு, மகள் கஷ்டப்பட்டு வந்தாள் என்று பெருமை பீற்றிக்கொள்ளவா என்று கேட்டார். தங்கபுஷ்பம் மகள் கொண்டுவந்த சாக்லேட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பயம் வேறு. அமீனா பீயின் மகள் ஆஃப்ரீனும் அதே சிங்கப்பூரில்தான் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். போனில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அப்புறம் அந்தம்மா முகத்தில் எப்படி முழிப்பது?

மானம் போவதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று மகளின் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா, அவ சும்மா அளக்கிறா. இதோ டிக்கெட். மொத்தமே நாலு மணி..."

"அஞ்சு நிமிஷம்" என்று முடித்தார் அமீனா பீ. "நேத்து பன்னெண்டு நிமிஷம் லேட்டுண்ணே."

நேற்று ஏர்போர்ட்டில் வாட்சைப் பார்த்து சண்முகசுந்தரம் குறித்து வைத்ததும் அதே பன்னிரண்டுதான். உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"தினம் காலைல அந்த ஃப்ளைட் வந்துச்சான்னு போன்ல பார்ப்பேன். எம் பொண்ணு அதுல இல்லைன்னு தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்."

நீட்டிய டிக்கெட்டைச் சண்முகசுந்தரம் மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இவ்ளோ கிட்ட இருந்துக்கினு மூணு வருஷமா வரலையேன்னு நான் நொந்துக்கக் கூடாதாம். அதுக்காகத்தான் அக்கா ஒவ்வொரு வாட்டியும் தூரத்தைக் கூட்டிக்கினே போறாங்க. போன வருஷம் பன்னெண்டு மணி நேரம்னாங்க. எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்கண்ணே. மனசு சங்கடப்படுவாங்க."

டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தும் பெண்டாட்டியைப் புரிந்துகொள்ளவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சாக்லேட் வாங்கிக்கொள்ள அமீனா பீ மேலே வந்தார். தங்கபுஷ்பம் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, பதினாறு மணி நேரத்தில் சாக்லேட் கொஞ்சம் உருகிவிட்டதாகச் சொன்னாள்.

சண்முகசுந்தரம் பேப்பரைத் தாழ்த்தினார்.

"பதினாறு இல்ல, பதினெட்டு. சிக்னல் கிடைக்காம ரெண்டு மணி நேரம் அவுட்டர்லயே நிறுத்திட்டான்."