முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்

ஆட்குறைப்புச் செய்தியை ஊழியரிடம் பக்குவமாகச் சொல்வது எப்படி என்று, டெல்லி கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளுக்கு இரண்டு வருடமாகப் பயிற்சி கொடுப்பவர் வேதமூர்த்தி. மறுநாள் வகுப்புக்கு ஜனக்புரி வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

“மைதிலி, இன்னிக்கு ஜல்தி வந்துட்டே, நல்லதாப் போச்சு. நீதான் ஸ்டாஃப். எதிர்ல உட்காரு.”

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உங்க வேலையில ஒரு குறையும் இல்ல...”

“அந்தப் போஸ்ட்தான் இனிமே இல்ல. அடுத்தது அதுதானே?”

வேதமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. “அச்சா! என் நோட்ஸைப் படிச்சியா?”

“இல்லீங்க. மத்தியானம் எங்க ஆபீஸ் ரித்து மேடம் கூப்பிட்டு, இதே மாதிரி தண்ணி வெச்சு, இதையேதான் ஹிந்தியில சொன்னாங்க. போன மாசம் உங்க கிளாஸுக்கு வந்தாங்களாம். நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க.”

அவர் அவசரமாக நோட்ஸைப் புரட்டினார். வீடு திரும்பிய ஊழியரிடம் வீட்டில் இருப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.