புதுப் பெட்டி

அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, அவர்கள் காலூன்றும்வரை போய்ப் பார்த்துவருவது பூங்கோதையின் உத்தியோகம். இனிப்புக்கடையில் அட்டைப்பெட்டி மடிக்க அவள் சேர்த்துவிட்ட ஜெபசிங், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். தலைக்குமேல் அவன் படம் போட்ட பேனர். அட்டையின் காதுகளை நிமிர்த்திச் செருகி, தட்டிப் பார்த்து, அடுக்கிக்கொண்டிருந்தான்.

முதலாளி நீட்டிய மைசூர்பாகை அவள் வாயில் போட்டபோதுதான் அதைப் பார்த்தாள். கடை ஊழியர் ஒருவர் அந்த அடுக்கை உள்ளே தூக்கிப்போய், ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துத் தட்டையாக்கி, திரும்பவும் ஜெபசிங் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன சார் இது?"

"அவனுக்கு வேல குறையக் கூடாதுல்லா மேடம்?" முதலாளி சிரித்தார். "பலகாரத்துக்கு வேற பெட்டி இருக்கு. இவன் கை பட்டதுல வச்சுக் கொடுத்தா எவன் வாங்குவான்? எச்சி வேற ஒழுகுது. ஆனா இவன் வந்ததுல கடைக்கு நல்ல பேரு."

மைசூர்பாகு நெய்யோடு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. பூங்கோதை அதை விழுங்கவில்லை. துப்ப இடம் தேடினாள். பளிங்குத் தரை, கண்ணாடி அலமாரி. முதலாளியின் வெள்ளைச் சட்டை ஒன்றுதான் தோதாகத் தெரிந்தது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெபசிங் எழுந்து ஓடிவந்தான். மடித்து மடித்து ஓரமெல்லாம் பஞ்சாக நைந்துபோன பெட்டி ஒன்றைத் திறந்து, இரண்டு கைகளாலும் அவள் வாய்க்கு நேரே ஏந்தினான்.

"இதுல துப்புங்கக்கா," என்றான். "புதுசுதான். இப்பத்தான் செஞ்சேன்."