வீணாய்ப் போன சார்ஜ்

"பேட்டரி இறங்கிரும்" என்று பிச்சையம்மாள் டேப்பின் வயரைப் பிடுங்கினாள். பாட்டு பாதியில் நின்றது.

சுருளியாண்டிக்கு எரிச்சலாக வந்தது. வைகை அணைத் தண்ணீரில் புருசன் பெண்டாட்டி இருவருமாகத்தான் மீன் பிடிக்கிறார்கள். படகில் ஒரு பழைய கார் பேட்டரி. அதில் லைட்டும் எரியும், டேப்பும் பாடும். அவள் விட்டால்தானே? திரும்பும்போது இருட்டத் தொடங்கினாலும் லைட்டைத் தொட விடமாட்டாள்.

இவ்வளவு சிக்கனம் பார்க்கிறவள் கரைக்கு வந்ததும் என்ன செய்வாள் தெரியுமா? படகைக் கட்டிய கையோடு லைட்டைப் போட்டு, தண்ணீரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவாள்.

"நீங்க மீனை எடைக்குக் கொண்டு போங்க. நான் வலையை அலசிட்டு வாரேன்."

வலை அலச இவ்வளவு நேரமா, அதற்கு லைட் வேறா என்று அவன் கத்தாத நாளில்லை. தண்ணியில இருட்டு, தரையில வெளிச்சமாக்கும் என்று மற்ற படகுக்காரர்களும் கேலி செய்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். டேப்பைக் கொண்டுபோக வேண்டாம் என்று படுத்தபடியே சொன்னாள். அவன் முதலில் படகில் ஏற்றியதே டேப்பைத்தான்.

மத்தியானம் முழுக்கப் பாட்டு. சுகமாகத்தான் இருந்தது. எப்போதும் கடைசி ஆளாகக் கரை திரும்பும் கர்ணன், அன்று சீக்கிரமே துடுப்புப் போட்டுக்கொண்டு போனான். வலை அறுந்த சண்டையில் அவனோடு ஒரு வருசமாகப் பேச்சு கிடையாது. பயலுக்கு மீன் விழவில்லை போல என்று சுருளியாண்டிக்கு உள்ளூர ஒரு திருப்தி.

வலையை இழுத்து முடிப்பதற்குள் மழை மேகம் கூடி, பொழுது சட்டென்று இருட்டிவிட்டது. லைட்டைப் போட்டான். மினுக்கென்று எரிந்து அணைந்தது. பேட்டரியைப் பாட்டு தின்று தீர்த்திருந்தது.

லைட் எரிந்திருந்தாலும் பக்கத்துத் தண்ணீரைத்தான் காட்டியிருக்கும். கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அணையில் தண்ணீர் ஏறியதில் கருவேல மரங்கள் அப்படியே மூழ்கிக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு தடம். அது தப்பினால் படகு கிழிந்துவிடும். அவன் பயந்துபோனான்.

அப்போதுதான் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவர்கள் படகு கட்டும் அதே இடம். காய்ச்சலோடு எழுந்து வந்துவிட்டாளா? லைட் இங்கே இருக்க, அவளுக்கு அங்கே ஏது? யோசிக்க நேரமில்லை. அதைப் பார்த்தே துடுப்புப் போட்டான்.

படகு கரையில் தட்டியதும்தான் போன உயிர் வந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்த ஆளைப் பார்த்தான். கர்ணன். அவன் படகின் லைட் தண்ணீரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், எப்போதோ அலசி முடித்த வலை.

"ஏலே, நீ இன்னும் போகலியா?"

"தெனமும் நான் கரை சேருற வரைக்கும் மதினிதேன் லைட்டைப் போட்டு, வலை அலசுற மாதிரி உக்காந்திருப்பாக. இன்னைக்கி அவுக வரலேல்ல. அதேன் நான் வெள்ளனே வந்துட்டேண்ணே."