சகலைக்குத் தண்ணீர்

மூத்த மருமகனுக்கான விஷத்தை இளைய மருமகன் குடுவையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. போனுக்குள் போகும் சிப்புகளைக் கழுவ அந்தக் கம்பெனி தயாரிக்கும் அதிசுத்தத் தண்ணீர்; உப்பு, சத்து எல்லாம் உருவி எடுக்கப்பட்டது. "தினம் ரெண்டு மடக்கு போதும், எலும்புல இருக்கறதையெல்லாம் உறிஞ்சிடும்" என்று கேன்டீன்காரன் அடித்துச் சொல்லியிருந்தான்.

இளையவனுக்குச் சந்தேகமே வரவில்லை. குழாய்க்கு மேலே 'திறக்காதே' என்று சிவப்புப் பலகை. அந்த அறைக்குள் போகவே ஒரு முடிகூட வெளியே தெரியாமல் வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை. ஒன்றுமில்லாததற்கா இத்தனை கவசம்?

இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். சூப்பர்வைசர் நாற்காலி மட்டும் மூத்தவனுக்குப் போயிற்று. "சகலை, குடுவை காலி" என்று எல்லார் முன்னாலும் நீட்டுவான். வீட்டுக்குப் போனால் மனைவி வேறு, "அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க" என்று வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவாள்.

மூத்தவன் நோயில் படுத்தால் நாற்காலி தனக்கு. கணக்கு அவ்வளவுதான்.

மூத்தவன் கொட்டாவி விட்டால்கூட இளையவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும்.

"என்னண்ணே, உடம்பு ஒரு மாதிரி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். உனக்கென்ன திடீர் அக்கறை?"

பாவி மனுஷன், நாளுக்கு நாள் குண்டாகிக்கொண்டே போனான்.

ஒரு நாள் மதியம் மூத்தவன் கூப்பிட்டனுப்பி, கதவைச் சாத்தினான். மேஜைமேல் அதே குடுவை.

"இந்த மாசம் செஞ்ச சிப்பு மொத்தமும் குப்பை. எவனோ குழாயைத் திறந்து திறந்து தண்ணியில தூசு ஏறிடுச்சு. மேல என் சீட்டைத்தான் கிழிக்கப் பார்த்தாங்க. கேமராவைப் போட்டுப் பார்த்தோம். முகமூடியில ஆள் தெரியல. கையில என் குடுவை தெரிஞ்சுது."

"அண்ணே, அது வந்து..."

"எதுக்குன்னும் தெரியும். கேன்டீன்காரன் என்கிட்டயும்தான் அந்தக் கதையைச் சொன்னான்." மூத்தவன் குடுவையைத் திறந்து, மிச்சத்தை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "கொஞ்சம் சப்புன்னு இருக்கு. உடம்புக்கு வேண்டிய உப்பு சாப்பாட்டுலயே கிடைச்சிடுதே."

"அப்ப அந்தப் பலகை, அந்த உடுப்பெல்லாம்?"

"நம்ம மூச்சும் முடியும் அதுல விழக் கூடாதுன்னுதான்."

வேலைநீக்க உத்தரவை எடுத்து இளையவன் பக்கம் தள்ளினான்.

"தண்ணிக்கு நீதான் விஷம், சகலை."