கஜானிக்குச் சைபர்

"அக்கா, இந்த மனுசனை நான் என்ன செய்ய?"

லா சப்பல் கடைத்தெருவில் இருக்கும் அற்புதமலரின் தையல் கடைக்குள் வந்த கஜானி, கையிலிருந்த கடதாசியை வெட்டுமேசையில் வைத்தாள். அற்புதமலர் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தாள். பிரெஞ்சில் கடிதம் வந்தால் அந்தத் தெருவில் பாதிப்பேர் அவளிடம்தான் வருவார்கள்.

"என்னடி, முகமெல்லாம் சிவந்து கிடக்கு?"

"திரான்சியிலை வீடு வாங்கிறமல்லோ. கடனுக்குப் பாங்க் அனுப்பின பேப்பர் இது. என்ரை புருசன்ரை பேருக்கும் என்ரை பேருக்கும் நேரை பாருங்கோ."

அற்புதமலர் கண்ணாடியை மாட்டினாள். வசந்தன், நூறு வீதம். கஜானி, சைபர் வீதம்.

"பதினொரு வருசம் ஹோட்டல் அறையளைத் துப்பரவாக்கிக் காசு சேர்த்தனான். நாளுக்குப் பதினாறு அறை. எனக்குச் சைபர்! அந்த வீட்டிலை ஒரு கதவுப்பிடி கூட என்ரை இல்லை."

பிளவுஸ் வாங்க வந்திருந்த சிவனேஸ்வரி, போக எழும்பியவள், திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

"ஆம்பிளையளை நம்பப்படாது, பிள்ளை. கோட்டிலை பேச ஒரு அவொக்காவைப் பிடி. வழக்கைப் போடு."

"நான் சும்மா விடேல்லை. வெள்ளிக்கிழமை தொடக்கம் உலை வைக்கேல்லை. மூண்டு நாளா அவருக்குப் பாணும் வாழைப்பழமும்தான்."

"ஏன் இப்பிடிப் போட்டதெண்டு கேட்டனியோ?" என்றாள் அற்புதமலர்.

"கேட்டனான். 'அது அப்பிடித்தான், விடு' எண்டார். என்ரை முகத்தையும் பார்க்கேல்லை. கள்ள முழி!"

"பாத்தியோ? அதேதான்," என்றாள் சிவனேஸ்வரி.

"பேப்பர் வந்து எத்தினை நாள்?" என்று கேட்டாள் அற்புதமலர்.

"ஏழு. பதினோராம் நாள்தான் கையெழுத்து வைக்கலாமாம். அதுக்குள்ளை எனக்குப் பாதி எழுதாட்டி நான் வைக்கமாட்டன்."

அற்புதமலர் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஒரு தரம் வாசித்தாள். விரலை வைத்து வரிவரியாக இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு சிரித்தாள்.

"விசரி! இது வீட்டுப் பங்கில்லை. நொத்தாரிசு எழுதிற உறுதிப் பத்திரத்திலை வீடு ரெண்டு பேருக்கும் சரிபாதியெண்டு இதிலையே கிடக்கு. இது கடனுக்குப் போடுற காப்புறுதி."

"அதிலை மட்டும் எனக்கு ஏன் சைபர்?"

"வசந்தன் செத்தா, மிச்சக் கடன் முழுக்கக் காப்புறுதி கட்டும். நீ ஒரு சதம் கட்டத் தேவையில்லை. நீ செத்தா அது ஒண்டும் கட்டாது. இருபத்தைஞ்சு வருசமும் அவர் தனியக் கட்டி முடிக்கோணும்."

சிவனேஸ்வரி பிளவுசை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப அவொக்கா வேண்டாம்போலை," என்றாள்.

கஜானி தொலைபேசியை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் காப்புறுதியிலை எனக்கும் நூறு போடலாம்தானே? நாளைக்கு நான் செத்தா நீங்கள் தனிய..."

"வாயைக் கழுவு!" வசந்தன் போட்ட சத்தம் மற்ற இரண்டு பேருக்கும் கேட்டது. "பாங்குக்காரியும் இதைத்தான் கேட்டவ. நீ சாகிற கதைக்கெல்லாம் என்னாலை நம்பர் போட ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்."

கஜானி மேசையிலிருந்த கடதாசியை எடுத்துக்கொண்டாள்.

"சரி சரி. வேலையாலை வரேக்கை பாண் வாங்காதேங்கோ."