கட்டம் கட்டமாக ஒரு ரோடு

"இதுக்குப் பேரு ரோடா சாமி? சாணி போட்டு வழிச்ச வாசலாட்டம் இருக்குது!"

அப்பா சின்னண்ணன் இப்படிச் சொன்னதும் சௌந்திரத்துக்கு முகம் சுண்டிப்போனது. தெருவுக்கு ஒரு கலர் டி.வி. இருந்தாலே பெரிய விஷயமான காலம். பெங்களூர் மாமா கொடுத்த சின்னக் கம்ப்யூட்டரை அந்த டி.வி.யில் மாட்டி, கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு ரோடு வரைந்திருந்தாள். அதில் லாரி ஓட்டுவதுதான் விளையாட்டு. மெட்ராஸ் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். ஆனால், அப்பா வாயால் 'ரோடு' என்று சொல்லாமல் அனுப்புவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

"ஏம்புள்ளே, அவரை எதுக்கு இதுல இழுக்கறே? லாரிப் பேச்சையே உட்டுட்டுக் கெடக்கற மனுசன்!" அடுப்படியிலிருந்து அம்மா பெரியநாயகி கத்தினாள்.

அதற்காகத்தானே இழுத்தாள்! நாமக்கல்லிலிருந்து கல்கத்தா வரை ஓட்டியவர், விபத்துக்கு அப்புறம் ஹாரன் சத்தம் கேட்டாலே சன்னலைச் சாத்தச் சொல்கிறார். பெற்ற மகளுக்கு மனசு கேட்குமா?

"என்ன கொறைன்னு சொல்லுங்கப்பா."

"எல்லாக் கட்டமும் ஒரே அச்சாட்டம் இருக்குது. நடுவால ஆயிலு ஒழுகிக் கருப்பாக் கெடக்கோணும். டயரு போற தடம் ரெண்டும் தேஞ்சு மினுங்கோணும். ஓரமெல்லாம் எலி கொறிச்ச ரொட்டியாட்டம் பிஞ்சிருக்கோணும்."

"ரோட்டோரத்து நடைபாதை எப்படிங்கப்பா?"

"கல்லு இத்தனை வரிசையா இருந்தா அது மாமியா ஊட்டுச் சமையக்கட்டு! ஒண்ணு உட்டு ஒண்ணு தள்ளிப் போடு. ரெண்டு கல்லுல விரிசல் உடு."

அவள் மாற்ற மாற்ற... அடேயப்பா! டி.வி.க்குள் நிஜ ரோடே வந்து படுத்துக்கொண்டது. இருந்தது என்னவோ நாலைந்து நிறம்தான். வரைந்தவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"ஓட்டிப் பாருங்கப்பா."

"போ கண்ணு, எனக்கெதுக்கு..." என்றார். ஆனால் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

லாரி கிளம்பியது. வளைவு வந்தபோது அவர் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. திடீரென்று எதிரே ஒரு மாட்டுவண்டி!

"ஏய்ய்!" என்று அலறினார். லாரி வண்டியை உரசாமல் நின்றது.

"பிரேக்குப் புடிச்சிருச்சு சாமி! ரோடுதான் இது, ரோடேதான்!" சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

சௌந்திரம் விழித்தாள். "இதுல பிரேக்கே வெக்கலீங்கப்பா. பொத்தானை உட்டா வண்டி தானா நின்னுக்கும்."

"இல்ல சாமி, அழுத்தி மிதிச்சேன். பெருவெரல் வரைக்கும் நோவுது பாரு!"

சத்தம் கேட்டு ஓடிவந்த பெரியநாயகி, வாயைப் பொத்திக்கொண்டு அவர் வேட்டியையே பார்த்தாள். பிரேக்கை மிதித்த அந்த வலது காலை, விபத்தன்றைக்கே முட்டிக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள்.